மூலைமேல் மூலை
(சுமை ஏற்றும் தொழிலாளர்களுக்கான உரை)



இமாசலப் பிரதேசத்தில், சிம்லாவுக்கு மேலே, நார்கண்டா, கோட்கட் என்ற மலை ஊர்கள் இருக்கின்றன. ஆப்பிள் விளையும் ஊர்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே அறுவடைக் காலம். இரவும் பகலும் லாரிகள் மலையிலிருந்து இறங்கும். பல லாரிகள் டெல்லியில் உள்ள ஆசாத்பூர் மண்டிக்குப் போகும். சிம்லாவிலிருந்து டெல்லி சுமார் 350 கிலோமீட்டர். தொடக்கம் முழுவதும் மலைப்பாதை. வளைவுக்குப் பின் வளைவு.

மலையில் பெட்டி ஏற்றுபவர் ஒருவர். மண்டியில் இறக்குபவர் வேறொருவர். ஏற்றுபவர் நேபாளத்திலிருந்து வந்திருப்பார். இறக்குபவர் பீகாரிலிருந்து வந்திருப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இவர் அடுக்கும் விதத்தில்தான் அவருடைய கையும் காலும் இருக்கின்றன. சில வேளை உயிரும் இருக்கிறது.

முன்பு ஆப்பிளை மரப்பெட்டியில் அனுப்பினார்கள். அதற்காகக் காட்டு மரங்களை வெட்டினார்கள். பிறகு அட்டைப்பெட்டி வந்தது. அதன் மூடியை உயர்த்தி உயர்த்திப் பழத்தைத் திணித்தார்கள். ஒரு பெட்டி ஒரு எடை, இன்னொன்று வேறு எடை. தூக்குகிறவரின் முதுகைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? 2024ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து இமாசல அரசு ஒரே அளவுள்ள பெட்டியைக் கட்டாயமாக்கியது. அதில் 20 கிலோவும் அதற்குச் சற்று மேலும் பிடிக்கும். தூக்கவும் எளிது, அடுக்கவும் எளிது.

எட்டு அடுக்கு வைத்தால் அடிப்பெட்டியின் மேல் ஏழு பெட்டிகள். ஒன்று 20 கிலோ என்றாலும் 140 கிலோ! வெறும் அட்டை அதை எப்படித் தாங்குகிறது?

மூலைகளால் தாங்குகிறது. அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது. நடுப்பக்கம் அமுங்கிவிடும். ஆகவே மூலைமேல் மூலை வரும்படி நேராக அடுக்க வேண்டும். சிலர் சுவர் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி வைப்பார்கள். பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் பெட்டி செங்கல் அல்ல. மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவில் அழுத்தும். அட்டை வளையும், பழம் நசுங்கும். மெல்ல மெல்ல அடுக்கே சாயும். நேராக அடுக்கிவிட்டு, மேல் இரண்டு அடுக்குகளை மட்டும் குறுக்கே மாற்றி வைத்தால் தூண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

அறுவடைக் காலம் பாதியும் மழைக்காலம். நனைந்த அட்டைக்குப் பலம் இல்லை. ஈரப்பெட்டியும் கிழிந்த பெட்டியும் அடியில் போகக் கூடாது. பெட்டி ஏற்றும் முன்பே லாரியின் தரையைத் துடைத்து உலர்த்த வேண்டும்.

முன்னால் ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டி அடுக்கத் தொடங்க வேண்டும். இடைவெளி விடக் கூடாது. பிரேக் போட்டால் லாரி நிற்கும், சரக்கு நிற்காது. விட்ட இடைவெளியை நோக்கி அது பாயும். இடது பக்கமும் வலது பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் வளைவில் லாரியே சாயும். கயிறு பெட்டியின் விளிம்பை அறுக்காதபடி, அதன் அடியில் மடித்த அட்டையோ பலகையோ வைத்துக் கட்டுவது நல்லது.

அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம் உண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அது 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

பெட்டிக் கணக்கில் கூலி பேசும் இடங்களில் கை அவசரப்படும். அந்த அவசரத்துக்கு விலை கொடுப்பவர், மண்டியில் பின்கதவைத் திறப்பவர்.

வழியில் சரிந்த பெட்டிகள் கதவின் மேல் சாய்ந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கொண்டியை எடுத்ததும் கதவோடு பெட்டிகளும் வந்து விழும். ஆகவே திறப்பவர் கதவுக்கு நேரே நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, முதலில் சிறிதளவே திறந்து உள்ளே பார்க்க வேண்டும். பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பிறகு மேலிருந்து படிபோல இறக்கி வரலாம். அடிப்பெட்டியை உருவி எடுப்பது கூடவே கூடாது. லாரி ஏற்றி முடிந்ததும், கடைசி வரிசைக்கும் கதவுக்கும் நடுவே குறுக்குப் பலகை ஒன்றைச் செருகிக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். மலையில் அதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.