‘மே’யும் ‘ஷல்’லும்



ஆங்கிலத் துணைவினைகளுள் ‘கேன்’ ஆற்றலையும், ‘மஸ்ட்’ கட்டாயத்தையும், ‘மே’ அனுமதியையும் உணர்த்தும். சட்ட மொழியிலோ ‘ஷல்’ பெரும்பாலும் கட்டளை, ‘மே’ விருப்புரிமை.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பெற்ற அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் தடை விதிப்பதைக் குற்றமென ‘ஷல்’ இட்டே உரைக்கிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த 21அ பிரிவு, 6 முதல் 14 வயதுவரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை அரசு வழங்குதற்கு ‘ஷல்’ என்கிறது. வழங்கும் முறைக்கே ‘மே’.

இவ்வேறுபாடு அறியாவிடில் உரிமையைச் சலுகையென எண்ணி மயங்குவோம். ஆகவே, நாள்தோறும் ஒவ்வொரு துணைவினைக்கும் இரண்டு வாக்கியமேனும் எழுதுவோம்; கூச்சமின்றி உரக்கப் படிப்போம். ‘மே’ என்று பணிந்து கேட்டே பழகிய நாம், ‘ஷல்’ என்றிருப்பதைச் சுட்டிக்காட்டவும் கற்போமாக!