கூத்துக்குக் களம் வேண்டும்



இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும் ஒரகடத்தில் 2010-இலும் கார் உற்பத்தி தொடங்கியதை நாம் வரவேற்கிறோம். ஆனால், நிலவிலை ஏற ஏறத் திறந்தவெளிகள் சுருங்குகின்றன. திரௌபதி அம்மன் விழாவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துக்கு இனி இடம் எங்கே? மண்டபம் பிடிக்கலாமே என்பர் சிலர். வாடகை போகக் கூத்தருக்கு மிஞ்சுவது என்ன? அர்ச்சுனன் தபசு மரம் ஏறவும், படுகளத்தில் துரியோதனனின் மண்ணுருவம் கிடக்கவும் மண்டபம் இடந்தருமா?

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் தனக்கென இடம் அமைத்துக்கொண்டது. எல்லா ஊருக்கும் அது கைகூடாது. நம்மிடம் இருப்பது களத்துப் புறம்போக்கு. அறுவடை இயந்திரம் வந்தபின் அது வெறுமனே கிடக்கிறது. வேலி போட யாரேனும் வந்துவிடுவர். 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டப்படி அது கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் சர்வே எண்ணைக் குறித்து, களமும் கூத்துத்திடலும் அதுவே, கூத்துக்கு வாடகை இல்லை எனத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தாலுகா சர்வேயரைக் கொண்டு எல்லைக்கல் நட்டுவிடவும் வேண்டுகிறோம்.