பௌத்த தருமமும் ஜீவகாருண்யமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலால் மறுத்தலே புத்தர் பெருமான் போதித்த அகிம்சை என்றும், அதனை வழுவாது காக்கும் நம் குலத்தார் பிறரினும் ஒரு படி உயர்ந்தோர் என்றும் சென்ற கூட்டத்தில் அன்பர் ஒருவர் பேசினார். கரகோஷமும் எழுந்தது. அடியேன் அன்று வாளாவிருந்தேன். இன்று அவ்விஷயத்தைச் சற்று விசாரிப்போம்.

பிக்ஷுக்கள் மீனும் இறைச்சியும் உண்ணலாகாதென விதிக்கும்படி தேவதத்தன் வேண்டியபோது பெருமான் இசைந்தாரில்லை. தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாமலும், கேளாமலும், ஐயுறாமலும் இருப்பின் அப்பிச்சையை ஏற்கலாமென்றே விநய பிடகம் கூறும். (பிற்கால மகாயான நூலாகிய லங்காவதார சூத்திரம் புலாலை முற்றும் விலக்கிற்று, அது வேறு வழக்கு.) ஆயினும் அதே விநயம், அறிந்தே ஒரு பிராணியைக் கொல்லுதலையும், சிற்றுயிர்கள் உள்ள நீரென்று தெரிந்தும் அதனைப் பயன்படுத்துதலையும் பிக்ஷுவுக்குக் குற்றமாக விதிக்கின்றது. இல்லறத்தார்க்கு இறைச்சி வாணிபம் தகாதென்றும் பெருமான் அருளினார்.

அசோகச் சக்கரவர்த்தியின் சாசனங்களை நோக்குங்கள். முன்னாளில் தம் மடைப்பள்ளிக்கு நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்பொழுது இரண்டு மயிலும் ஒரு மானுமே கொல்லப்படுகின்றன, மானும் நாள் தவறாதன்று என்றும், இனி அவையும் இல்லையென்றும் முதலாம் பாறைச் சாசனத்தில் பொறித்தார். தம் வீட்டு அடுப்பின் கணக்கை இங்ஙனம் கல்லில் எழுதிவைக்க எத்தனை பேர் துணிவர்? இரண்டாம் சாசனம், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் ஏற்படுத்தியதைச் சொல்லுமிடத்துச் சோழரையும் பாண்டியரையும் பெயர் சுட்டுகின்றது. முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் பொறித்த ஐந்தாம் தூண் சாசனமோ இன்னும் நுணுக்கமானது: குறித்த நாட்களில் காளைக்கும் கடாவுக்கும் காயடித்தலும், குதிரைக்கும் மாட்டுக்கும் சூடு போடுதலும் கூடா; உயிர்கள் உறையும் உமிக்குத் தீயிடலாகாது. முற்றும் தடுத்தாரல்லர், இயன்றதைத் தடுத்தார்.

என் சிறு பிராயத்தில் எங்கள் வண்டி மாட்டின் கழுத்தில் நுகத்தடி உரசிய புண் நெடுநாள் ஆறாதிருந்தது. வெள்ளிதோறும் விரதம் காத்த எங்கள் இல்லத்தில் அதனை ஏறிட்டுப் பார்த்தார் எவருமிலர். மாலைதோறும் அப்புண்ணைக் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, நுகத்தில் பழந்துணி சுற்றிவைத்தவர் வண்டியோட்டியே. அவர் புலால் உண்பவர். ஆதலின் எங்கள் திண்ணையில் அமர விட்டதில்லை. சென்ற கூட்டத்தில் கரகோஷம் எழுந்தபோது எனக்கு அவர் நினைவே வந்தது.