பாட்டாவும் ஒரு ராக் பேண்டும்

ஆரல்வாய்மொழியில் இருந்து பேசுறேன். இடையில 'உஸ்ஸ்'னு கேட்டா அது எங்க ஊர் காத்து, மைக் கோளாறு இல்லை.

இன்னைக்கு 'அவியல்' பத்தி. சாப்பிடுற அவியல் இல்ல, திருவனந்தபுரத்து மலையாள ராக் பேண்ட். 2003-இல் தொடங்கினாங்க. ராக்னா இங்கிலீஷ்லதான் பாடணும்னு பசங்க நம்பிக்கிட்டிருந்த காலம். அவங்க 'நட நட' டிவியில வந்து ஹிட் ஆச்சு. ஆல்பம் 2008-இல்தான் வந்தது.

எங்க வீட்டுல அந்தப் பாட்டுக்குக் கிடைச்ச வரவேற்பு, "சத்தத்தைக் குறைடே!" சொன்னது பாட்டா. நான் கிட்டார் வாங்கினதுல இருந்தே அவர் என்கிட்ட சரியாப் பேசுறதில்லை.

ஒருநாள் அதே ஆல்பத்துல 'ஆடு பாம்பே' ஓடிக்கிட்டிருந்தது. பாட்டா எழுந்து வந்து வாசல்ல நின்னார்.

"இது நம்ம பாம்பாட்டிச் சித்தர் பாட்டுல்லா?"

"இல்ல பாட்டா, மலையாளம்."

அப்போ எனக்கு அவ்வளவுதான் தெரியும். அந்த வரிகள் நாராயண குருவோட 'குண்டலினிப் பாட்டு'. பாம்பைக் கூப்பிட்டு ஆடச் சொல்லுற அந்த முறை சித்தர்கிட்ட இருந்து வந்தது. குரு தமிழ்லயும் பாடினவர். அவர் தவம் இருந்த மருந்துவாழ்மலை எங்க ஊருக்குத் தெற்கே, பக்கத்துலதான் இருக்கு. பேண்ட் பாடினது மலையாளம், பாட்டா கேட்டது தமிழ். ரெண்டுமே தப்பில்லை.

எனக்குப் புதுசா இருந்தது கிட்டார் மட்டும்தான். அவருக்கு இடைஞ்சலா இருந்ததும் அது மட்டும்தான். கடைசி வரை நின்னு கேட்டுட்டு, "இன்னொரு மட்டம் போடு மக்கா"ன்னார்.