பற்சக்கரத்தில் ஒரு பல்



கொச்சித் துறைமுகத்துக்குத் தெற்கே, நாற்புறமும் காயல் சூழ்ந்த கும்பளங்கி என்னும் ஊரில் என் நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். போடிநாயக்கனூருக்கு அருகே ஒரு சிற்றூர் அவருடைய பிறப்பிடம். மட்டாஞ்சேரியில் மிளகும் ஏலமும் சுக்கும் அடுக்கிவைக்கும் கிடங்கொன்றில் கணக்கெழுதுவது அவர் தொழில். நாள்தோறும் காலையில் பாலத்தைக் கடந்து, பெரும்படப்பு வழியாக மட்டாஞ்சேரிக்குப் போய் மாலையில் திரும்புவார். வழி முழுவதும் உள்ளங்கைபோல் சமதரை. ஒருபுறம் சீனவலைகள், மறுபுறம் பொக்காளி நெல்லும் இறாலும் மாறிமாறி விளையும் உவர்நீர் வயல்கள்.

அவர் ஏறிச்செல்வது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட 350 சி.சி. புல்லட். மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் இங்கிலாந்தில் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் 1955-ஆம் ஆண்டில் கூடி என்ஃபீல்டு இந்தியா என்ற பெயரில் தொடங்கிய தொழில், திருவொற்றியூரில் வேரூன்றியது. ரெடிட்ச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது; திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டேயிருந்தது. அயல்மாநிலத்தில் வாழும் தமிழர் ஒருவர் அவ்வண்டியை 'நம்மூர் வண்டி' என்று சொல்லிக்கொள்வதில் பிழை இல்லை. என் நண்பரும் அப்படித்தான் சொல்லுவார். பழையதாக வாங்கியதென்றாலும், வாரந்தோறும் துடைத்து எண்ணெயிட்டுப் பிள்ளைபோல் பேணிவந்தார்.

பட்டறைக்காரர் ஒருவர் அவரிடம், "சார், சமதரையிலேயே ஓட்டுகிறீர்கள். முன் பற்சக்கரத்தை மாற்றிப் பெரிதாகப் போட்டால் எஞ்சின் அமைதியாக ஓடும், பெட்ரோலும் மிச்சமாகும்" என்று சொன்னார். சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னார். 16 பற்கள் இருந்த இடத்தில் 18 பற்களுள்ள சக்கரம் ஏறியது. கும்பளங்கிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே வண்டி நதிமேல் ஓடம்போல் போயிற்று. நண்பருக்குப் பெருமகிழ்ச்சி.

இங்கே சற்று நின்று கணக்கைப் பார்ப்போம். கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் சிறிய பற்சக்கரம் சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி பின்சக்கரத்தின் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்வகைப் புல்லட்டில் பின்சக்கரத்துக்கு 38 பற்கள். 38-ஐ 16-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.38. அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுழல, முன் பற்சக்கரம் இரண்டேகால் சுற்றுக்குச் சற்று மேலாகவே சுழலவேண்டும். 17 பற்களானால் இவ்விகிதம் 2.24; 18 பற்களானால் 2.11. விகிதம் குறையக் குறைய அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழலும். அதுதான் நண்பர் கண்ட அமைதி.

எஞ்சின் குறைவாகச் சுழன்று அதே தூரத்தைக் கடக்கிறதென்றால், சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுவிசையும் அந்த அளவுக்குக் குறைந்தே தீரும். 16-க்குப் பதில் 18 வைத்தால் ஒன்பதில் ஒரு பங்கு இழுவிசை போய்விட்டது என்று பொருள். சமதரையில் அது தெரியாது. பாரமும் ஏற்றமும் சேரும்போது தெரியும்.

பின்சக்கரத்தில் மாற்றினால் ஆகாதா என்று நேயர்களில் சிலர் வினவலாம். ஆகும், ஆனால் முன்னால் ஒரு பல் செய்யும் வேலையைப் பின்னால் செய்ய இரண்டுக்கு மேற்பட்ட பற்கள் வேண்டும். மேலும் பழைய புல்லட்டில் பின் பற்சக்கரம் பிரேக் டிரம்முடன் ஒன்றாகவே வார்க்கப்பட்டது. ஆதலால் முன்னதைத்தான் மாற்றுகிறார்கள். அதுவும் எளிய வேலையன்று. சங்கிலிக் கூட்டின் மூடியைக் கழற்றி, எண்ணெயை வடித்து, கிளட்சையே வெளியே எடுத்தால்தான் அந்தச் சிறுசக்கரம் கண்ணுக்குத் தெரியும். மாற்றி முடித்தபின் பூட்டு வாஷரை மடித்து நட்டைப் பிடித்துவைக்க மறந்தால், நட்டு தளர்ந்து பெருங்கேடு விளையும்.

தை மாதத்தில் நண்பருடைய தந்தையாரின் திதி. ஆண்டுதோறும் ஊருக்குப் போய்த் தம்பியுடன் சேர்ந்து அதைச் செய்வது அவர் வழக்கம். அவ்வாண்டு மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, முன்னே ஒரு பையும் கட்டி, முதல்நாள் பகலில் புறப்பட்டார். கொச்சியில் குண்டன்னூரில் தொடங்கி மூன்றாறு, போடிமெட்டு, தேனி, மதுரை என்று செல்லும் அந்த நெடுஞ்சாலையைக் கேரளத்திலிருக்கும் தென்மாவட்டத்துத் தமிழர் பலர் அறிவார்கள். கோதமங்கலம் வரை குறையொன்றுமில்லை. நேரியமங்கலத்துப் பாலம் கடந்து காட்டுக்குள் ஏற்றம் தொடங்கியதும் வண்டி முனகத் தொடங்கியது. இரண்டாம் கியரில் இழுக்கவில்லை; முதல் கியரிலோ வளைவுதோறும் கிளட்சை அரைப்பிடியாகப் பிடித்தே ஏறவேண்டியிருந்தது. அரைப்பிடியில் கிளட்சுத் தட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறும். சீயப்பாறை அருவியைத் தாண்டுவதற்குள் கருகிய நாற்றம் வந்தது. பிறகு எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை.

யானை நடமாடும் காடு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குழந்தையுடன் சாலையோரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்ற பின், காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். வண்டி அடிமாலியில் ஒரு கொட்டகையில் தங்கியது. நண்பர் ஊர்போய்ச் சேர்ந்தது மறுநாள் நண்பகலுக்குப் பின். தம்பி தனியாகவே பிண்டம் வைத்து முடித்திருந்தார். "போகட்டும் அண்ணே, வழியில் ஒன்றும் ஆகாமல் வந்தீர்களே" என்று தம்பி சொன்னதைத் தம்மால் மறக்க முடியவில்லை என்று நண்பர் என்னிடம் சொன்னார்.

ஏறியிருந்தாலும் இறக்கத்தில் இன்னொரு தொல்லை காத்திருந்தது என்பதை அவர் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் மலைப்பாதை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிவிடுகிறது. அவ்விறக்கத்தில் தாழ்ந்த கியரிலிட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விடவேண்டும். பற்சக்கரம் பெரிதானால் அந்தப் பிடியும் ஒன்பதில் ஒரு பங்கு தளரும். குறைந்த பங்கைப் பிரேக்கு சுமக்கவேண்டும். டிரம் பிரேக்கு சூடேறினால் பிடிப்பு மங்கும்.

இப்போது அவர் வண்டியில் இருப்பது 17 பற்கள். 16-ஐவிட எஞ்சின் சுழற்சி நூற்றுக்கு ஆறு குறைவு, மலைக்கும் போதும். இதில் இன்னொரு நயமும் உண்டு. சங்கிலியின் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படை. பற்களும் இரட்டைப்படையானால், ஒரு பல் என்றைக்கும் உட்கண்ணியையே அல்லது வெளிக்கண்ணியையே சந்திக்கும். ஒற்றைப்படையானால் மாறிமாறிச் சந்திக்கும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பகிர்ந்துபோகும். புதிய வண்டி வைத்திருப்போர் இத்தகைய மாற்றம் செய்யுமுன் உத்தரவாதச் சீட்டின் நிபந்தனைகளைப் படித்துவிடவேண்டும். வேகமானி முன்சக்கரத்திலிருந்து இயங்கினால் பிழை காட்டாது. கியர்ப்பெட்டியிலிருந்து இயங்கினால், பல் மாறியதும் அது காட்டும் வேகமும் மாறும்.

பற்சக்கரம் மாறினால் சங்கிலியும் புதிதாக வேண்டும் என்பதைப் பலர் செலவுக்கு அஞ்சித் தவிர்க்கிறார்கள். நீண்டுபோன பழைய சங்கிலி புதுச்சக்கரத்தின் பற்களைக் கொக்கிபோல் அரித்துவிடும். பின்சக்கரத்தின் பின்புறத்தில் சங்கிலியை விரலால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால் அந்தச் சங்கிலிக்கு ஓய்வு கொடுக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

புதிதாகப் பூட்டிய சங்கிலி தொடக்கத்தில்தான் விரைவாக நீளும். ஆகையால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை இறுக்கத்தைப் பார்ப்பது இன்றியமையாதது. சக்கரத்தைச் சுழற்றிச் சங்கிலி மிக இறுகும் இடத்தைக் கண்டு, அங்கே மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கலாம். வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. மிகவும் இறுக்குவது தளர விடுவதைக் காட்டிலும் தீது, தாங்கிகள் கெடும். புல்லட்டில் பின் அச்சின் இருபுறமும் நத்தைபோல் சுருண்ட தகடு உண்டு. இருபுறத்திலும் ஒரே படியில் நிறுத்தவேண்டும். சக்கரம் பின்னே நகர்ந்தால் பிரேக் தண்டும் இழுபடும் ஆதலால், அதையும் திரும்பச் சரிசெய்யாவிட்டால் பிரேக்கு உரசிக்கொண்டேயிருக்கும். சங்கிலியின் இணைப்புக் கண்ணிக்கு ஸ்பிரிங் கவ்வி இருக்குமானால், அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்கவேண்டும். மாறிப்போட்டால் கவ்வி கழன்று, சங்கிலி அறுந்து சக்கரத்தில் சிக்கும்.

புத்தம்புதிய வண்டி வாங்கும் அன்பர்களுக்கும் இரண்டொரு சொல். முதல் பராமரிப்பைப் பெரும்பாலான வண்டிகளுக்கு 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் செய்யச் சொல்வார்கள். அப்போது வடித்தெடுக்கும் எண்ணெயைக் கையில் தொட்டுப் பார்த்தால் மினுமினுக்கும் இரும்புத் துகள் தெரியும். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று இழைந்து உதிர்த்த தூள் அது. நாள் கடத்தினால் அதே தூள் எஞ்சினை அரைக்கும். அந்நாட்களில் மிகுவேகம் ஆகாது என்பதை எல்லோரும் அறிவார்கள். உயர்ந்த கியரில் மெதுவாக ஓட்டி எஞ்சினைத் திணறவைப்பதும் அதே அளவு தீங்கென்பதைச் சிலரே அறிவர். கம்பிச் சக்கரமாயின் ஆரக்கம்பிகளையும் அப்போதே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கும்பளங்கி போன்ற காயலோர ஊர்களுக்கு மட்டும் ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். உப்புக் காற்றும் நெடுமழையும் சேர்ந்து, ஒரே இரவில் சங்கிலியைச் செந்நிறமாக்கிவிடும். நன்னீரால் கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்த பின்னரே எண்ணெயிடவேண்டும். வண்டியை ஓட்டிவந்த சூட்டோடு இட்டால் எண்ணெய் கண்ணிக்குள் நன்றாக இறங்கும். வறண்ட நாட்களில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும்; ஆனி, ஆடி மழையில் வாரம் ஒருமுறையேனும் வேண்டும். ரப்பர் வளையம் வைத்த சங்கிலியைப் பெட்ரோலால் கழுவக்கூடாது, வளையம் கெட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது சங்கிலிக்கு அருகே துணியும் விரலும் போகவே கூடாது. விரலிழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற தையில் நண்பர் திதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டார். மனைவியும் குழந்தையும் பஸ்ஸில் போனார்கள். நேரியமங்கலத்துக்கு மேல் இரண்டாம் கியரிலேயே ஏறியதாகவும், சீயப்பாறையில் நிறுத்தி ஒரு டீ குடித்ததாகவும் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். கழற்றிய 18 பற்சக்கரம் அவர் வீட்டில் காகிதக்கட்டுகளின்மேல் பாரமாக இருக்கிறது.