பெருவிரல் தடம்



நுண்ணுயிர் நொதிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நாய் மலத்திலிருந்து தொடங்கப் போகிறேன். மேடை பொறுத்தருள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் நாய் மலம் பொறுக்குவது ஒரு பிழைப்பு. அந்தச் சரக்குக்குப் பெயர் 'பியூர்'. தூய்மை என்று பொருள்! பெர்மாண்ட்ஸி பகுதியின் தோல் கூடங்கள் ஒரு வாளிக்கு 8 முதல் 10 பென்ஸ் வரை கொடுத்ததாக அக்கால இதழாளர் ஹென்றி மேஹ்யூ எழுதி வைத்திருக்கிறார்.

எதற்காக? சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் தோல் உப்பி, ரப்பரைப் போல் விறைத்திருக்கும். அப்படியே பதனிட்டால் கையுறைக்கு ஆகாது. மலம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் போட்டால் ஈரத்துணிபோல் துவண்டுவிடும். காரணம் தொழிலாளிக்குத் தெரியாது. எடுக்க வேண்டிய நேரம் மட்டும் தெரியும். தோலைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். குழிந்த தடம் மறையாமல் நின்றால் தூக்கிவிடுவார்.

அந்தத் தொட்டிக்குள் நடப்பது என்ன என்று கேட்டவர் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வேதியியலாளர் ஜோசப் டர்னி உட். மலத்தில் வளரும் பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதிகள்தான் வேலையைச் செய்கின்றன என்று கண்டுபிடித்தார். அப்படியானால் நாய் எதற்கு? பாக்டீரியாவை மட்டும் வளர்த்தால் போதாதா? ஜெர்மனியின் பாப், பெக்கர் இருவருடன் சேர்ந்து 'எரோடின்' என்ற பாக்டீரியா வளர்ப்பைச் சந்தைக்கே கொண்டுவந்தார். 1912இல் இந்தத் தொழில்முறை பற்றி ஒரு நூலும் எழுதினார்.

பாடப் புத்தகங்களோ ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ரோம் பெயரையே சொல்கின்றன. அதிலும் நியாயம் உண்டு. ரோம் 1907இல் கால்நடைகளின் கணையத்திலிருந்து நொதி எடுத்து, அம்மோனியம் உப்புடன் கலந்து, 'ஓரோபான்' என்று விற்றார். பாக்டீரியாவை வளர்க்கும் தொல்லை இல்லை. பொடியைக் கொட்டினால் வேலை முடிந்தது. தோல் கூடம் எதை வாங்கும்? உயிரற்ற சாறும் நொதிக்க வைக்கும் என்று காட்டிய புக்னருக்கு அதே ஆண்டில்தான் நோபல் பரிசு கிடைத்தது. காலமும் ரோம் பக்கம் நின்றது.

ஆனால் என் கணக்கில் கடைசியில் வென்றவர் உட்தான். கணையம் கசாப்புக் கூடத்தை நம்பியது. பாசில்லஸ் பாக்டீரியாவையும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையையும் தொட்டியில் வேண்டுமட்டும் வளர்க்கலாம். இன்று தோலுக்கும் சலவைத்தூளுக்கும் போகும், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளில் பெரும்பகுதி நுண்ணுயிர் தருவதே.

தோலைத் துவளவைக்கும் இந்தக் கட்டத்துக்கு முந்தியதான முடி நீக்கத்தில்தான் நமக்கு இன்னும் வழக்கு தீரவில்லை. சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் முடியைக் கூழாக்கிக் கழிவுநீரில் சேர்த்துவிடுகின்றன. அந்த நீரில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அது ஆளையே கொல்லும் வாயு. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தமிழகத்தின் தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பாழானதாக உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. குரோமியமும் உப்பும் சேர்ந்த பழி அது. சல்ஃபைடு மட்டும் குற்றவாளி அல்ல.

நொதியின் வழி வேறு. அது முடியைத் தொடாமல் வேரைப் பிடித்திருக்கும் புரதங்களைக் கரைக்கும். முடி முழுசாகக் கழன்று வரும், வடிகட்டி எடுத்துவிடலாம். 1948இல் தொடங்கிய சென்னை அடையாற்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த வழியில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது.

பிறகு ஏன் எல்லோரும் மாறவில்லை? விலை ஒரு காரணம். இன்னொன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது, ஒரு சித்திரை மாதம், நொதி பூசிய ஆட்டுத்தோல் ஒன்றை மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்து கத்தியின் முதுகால் வழித்தேன். முடி அழகாக வந்தது. கூடவே தோலின் மேற்பரப்பும் பாலாடைபோல் உரிந்து வந்தது. மார்கழியில் சரியாக இருந்த அதே நேரக்கணக்கு சித்திரையில் தோலைத் தின்றுவிட்டது. வேரைப் பிடித்த புரதத்தைக் கரைத்தபின் தோலின் மூலப்புரதமான கொலாஜனைத் தொடாதே என்று நொதியிடம் யார் சொல்வது? ஆகவேதான் கொலாஜனைக் கடிக்காத நொதியைச் சுரக்கும் நுண்ணுயிருக்காக ஆய்வாளர்கள் மண்ணையும் கழிவுக் குட்டையையும் சலிக்கிறார்கள்.

அன்று என் தோலைப் பார்த்த வயதான மேஸ்திரி திட்டவில்லை. பக்கத்தில் தோலைத் துவளவைக்கும் தொட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து விரித்து, என் பெருவிரலைப் பிடித்து அதில் அழுத்தினார். தடம் மெல்ல எழும்பி மறைந்தது.

"இன்னும் அரைமணி கழிச்சு வா தம்பி," என்றார்.