பயணப் பணமும் ஓர் அமானிதமே
(ஜுமுஆ பேருரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரத்தில் நாம் வாழ்கிறோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் தொடங்கியது. நம் பிள்ளைகளில் சிலர் பயிற்சிக்காகக் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் செல்கின்றனர். வேறு சிலர், இரவுப் பணியும் கூடுதல் நேரப் பணியும் செய்து சேர்த்த காசில் பெற்றோரை உம்ராவுக்கு அனுப்புகின்றனர். அவ்வாறு புறப்படும்போது ரூபாயை ரியாலாகவோ டாலராகவோ மாற்றுகிறோமே, அதில் பேண வேண்டிய ஒழுங்கு என்ன என்பதை இன்று சிந்திப்போம்.

‘இது கடைத்தெரு விஷயம், மிம்பரில் பேசலாமா?’ என்று எவரும் எண்ண வேண்டாம். மறுமையில் ஆதமுடைய மகனின் பாதங்கள் நகர்வதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஆயுளைப் பற்றி ஒரு கேள்வி. இளமையைப் பற்றி ஒரு கேள்வி. செல்வத்தைப் பற்றி மட்டும் இரண்டு கேள்விகள்: எவ்வழியில் ஈட்டினாய்? எவ்வழியில் செலவிட்டாய்? ஈட்டியது ஹலாலாக இருந்தாலும், செலவழித்த வழிக்கும் கணக்குண்டு.

சகோதரர்களே! நம் மஹல்லாக்களில் நடப்பதைச் சொல்கிறேன். உம்ரா முடித்துத் திரும்பிய ஒருவரிடம் 2,000 ரியால் மிஞ்சியிருந்தது. அடுத்த மாதம் புறப்படவிருந்த நண்பர், “ரியாலை இப்போது கொடுங்கள், சம்பளம் வந்ததும் ரூபாய் தருகிறேன்” என்றார். விலை பேசவில்லை, எழுதிக்கொள்ளவுமில்லை. மாதங்கள் சென்றன, ரியாலின் விலை ஏறியது. கொடுத்தவர் இன்றைய விலையைக் கேட்டார். வாங்கியவர் அன்றைய விலையைத்தான் தருவேன் என்றார். இருவரும் கஅபாவைக் கண்டு வந்தவர்கள். இன்று ஒரே ஸஃப்ஃபில் நின்று தொழுதாலும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை.

இந்தப் பிணக்கு எங்கிருந்து வந்தது? மார்க்கம் அடைத்து வைத்த வாசலைத் திறந்ததால் வந்தது. தங்கத்திற்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி என்று மாற்றினால் எடை சமமாகவும் உடனுக்குடனும் இருக்க வேண்டும். இனம் வேறுபட்டால் விலையை விரும்பியவாறு பேசிக்கொள்ளலாம், ஆனால் கைக்குக் கை மாற வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. இன்றைய காகித நாணயங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் கூடிய அமர்வில் தீர்மானித்தது. ஆகவே ரியாலை இன்று பெற்று ரூபாயை அடுத்த மாதம் கொடுக்கும் விற்பனை, வட்டியின் வகையைச் சேர்ந்ததாகும். கணக்கில் உடனே வரவு வைக்கப்படுவதும் கையில் பெற்றதற்கு ஒப்பாகும் என்று அதே அகாடமி 1990இல் விளக்கியுள்ளது. எனவே வங்கி வழியாகவும் பயண அட்டை வழியாகவும் மாற்றுவதில் தடையில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இங்கே நமக்குக் காவலாக நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டு நாணயத்தை ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்றவர்களிடமே வாங்கவும் விற்கவும் வேண்டும். நண்பரோடு நடத்தும் மாற்றமும் ‘உண்டியல்’ வழியும் சட்டத்திற்குப் புறம்பானவை. சில காசுகள் மிச்சமாகும் என்று அவ்வழி சென்று, பணம் பறிபோனால் எவரிடம் முறையிட முடியும்? அங்கீகாரம் பெற்ற இடத்தில் மாற்றி, ரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். ரூபாய் 50,000க்கு மேற்பட்டால் ரொக்கமாகச் செலுத்தாமல் வங்கி வழியே செலுத்த வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து, ஏமாறாமல் மாற்றுவது எப்படி? 1986 முதல் சவூதி ரியால், ஒரு டாலருக்கு 3.75 என்ற நிலையான மதிப்பில் இருந்து வருகிறது. ஆகவே அன்றைய டாலர் விலையை 3.75ஆல் வகுத்தால் ரியாலின் நியாயமான விலை தெரிந்துவிடும். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரியால் 24 ரூபாய் வரும். கடைக்காரரும் உழைக்கிறார், சிறிது கூடுதலாகக் கேட்பது அவருடைய உரிமை. ஆனால் 25 ரூபாய் 20 காசு கேட்டால் அது நூற்றுக்கு ஐந்து கூடுதல். 4,000 ரியாலுக்கு 4,800 ரூபாய் வீணாகிறது! நம் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றால் அத்தொகை கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையைக் கண்டு மயங்காதீர்கள். கமிஷன் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். “வரி உட்பட மொத்தம் எத்தனை ரூபாய் தந்தால் எத்தனை ரியால் கையில் வரும்?” என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் மாற்றுவது பெரும்பாலும் நஷ்டத்தையே தரும். தேவைக்கு மேல் வாங்கினால், வாங்கும்போது ஒரு முறையும் திருப்பி விற்கும்போது மறு முறையும் இழப்பு ஏற்படும்.

அட்டையைப் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கடையின் இயந்திரம், ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா, அந்நாட்டு நாணயத்திலா?’ என்று கேட்கும். ரூபாய் நமக்குப் பழகியது என்று அதை அழுத்திவிடாதீர்கள். அங்கே மாற்று விலையை நிர்ணயிப்பது கடைத் தரப்பு, அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே அமையும். அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, கடன் அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுக்காதீர்கள். பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். இஹ்ராம் உடுத்திய கையால் வட்டிக் கடன் எடுப்பதா? அல்லாஹ் நம்மைக் காப்பானாக!

பயணக் குழுவில் ஒருவருக்காக மற்றவர் விடுதியிலோ உணவகத்திலோ ரியால் கொடுக்க நேரிடும். அது கடன், எழுதிக்கொள்ளுங்கள். அங்கேயே ரியாலாகத் திருப்பிக் கொடுப்பது சிறந்தது. ரூபாயாகத் தீர்ப்பதென்றால், தீர்க்கும் நாளின் விலைப்படி, பாக்கியின்றித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டகம் விற்ற தீனாருக்குப் பகரமாக திர்ஹம் பெறுவது பற்றி இப்னு உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி அதுவே.

சகோதரர்களே! மிச்சப்படுத்திய பணத்தைக் கடைவீதியில் கொட்டிவிட்டால் கணக்குப் பார்த்ததில் பயனென்ன? வீண்விரயம் செய்வோரைக் குர்ஆன் ஷைத்தானின் சகோதரர்கள் என்று கண்டிக்கிறது. ஜம்ஜம் நீரும் பேரீச்சம்பழமும் போதுமான உறவினருக்கு, கடன்பட்டுப் போர்வைகளும் கைக்கடிகாரங்களும் சுமந்து வருவது ஏன்? நம் வட்டாரத்தில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் நின்றுபோனதையும், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலையிழந்ததையும் நாம் கண்ணால் கண்டோம். இன்றைய சம்பளம் நாளைக்கு உறுதியில்லை. திரும்பி வரும்போது மிஞ்சிய பணம் குடும்பத்திற்குக் கேடயமாகட்டும். அந்நிய நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ள அனுமதியுண்டு. அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுத்து மாற்றிவிட வேண்டும்.

இறுதியாக ஒன்று. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களை எச்சரித்து, குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. மக்காவில் ரியாலுக்கு ஐந்து காசு குறைந்தால் நம் மனம் பதறுகிறது. இங்கே நம் ஊருக்கு வரும் கொரியரும் ஜப்பானியரும் மொழி தெரியாமல் நம் ஆட்டோவில் ஏறும்போது, நம் கடையில் பழம் வாங்கும்போது, நாம் என்ன விலை சொல்கிறோம்? ரூபாயின் மதிப்பறியாத அந்நியரிடம் இரு மடங்கு வாங்குபவர், வெளிநாட்டில் தாம் ஏமாற்றப்பட்டதாக எப்படிக் குறை சொல்ல முடியும்? நாம் அங்கே எதிர்பார்க்கும் நேர்மையை இங்கே கொடுப்போம்.

வாங்கும்போதும் விற்கும்போதும் தம் உரிமையைக் கேட்கும்போதும் பெருந்தன்மையுடன் நடந்துகொள்பவருக்காக நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். ரியாலுக்காகப் பேச்சை முறித்துக்கொண்டோர் எவரேனும் இச்சபையில் இருந்தால், தொழுகை முடிந்ததும் முதலில் ஸலாம் சொல்பவராக ஆகிவிடுங்கள். சில நூறு ரூபாயை விட்டுக்கொடுப்பதால் நஷ்டமில்லை. அது அல்லாஹ்விடம் சேர்த்து வைக்கப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! வட்டியின் வாடையிலிருந்து எங்கள் பயணங்களைக் காப்பாயாக! ஹலாலான செல்வத்தில் உன் இல்லத்தைத் தரிசிக்கும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.